பக்கவாட்டு முகம்

எனக்குக் கடைசிவரை சரியாக வராதது காதுதான். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் ஒரே கோட்டில் இறங்கிவிடும். காது மட்டும் தனியாக மடித்து ஒட்டியதுபோல நிற்கும். "எல்லாருக்கும் அப்படித்தான்க்கா, விடுங்க" என்பாள் அஃப்ரீன்.

அவள் அதிராம்பட்டினத்துப் பெண். ஜெய்ப்பூரில் படித்துவிட்டு வந்து, பட்டுக்கோட்டையில் ஒரு தையல் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் சிற்றோவியம் சொல்லித் தருகிறாள். உள்ளங்கை அகலத் தாளில் அணில் முடித் தூரிகையால் ராஜா ராணி முகங்கள் வரைய வேண்டும். என்னைச் சேர்த்துவிட்டது சென்னையில் இருக்கும் என் மகள் கனிமொழி. "அப்பாவப் பாத்துக்கிட்டே நீயும் படுத்துடாதம்மா. வாரத்துல ஒரு நாளாவது வெளிய போ" என்றாள். சனிக்கிழமைகளில் அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க பிசியோதெரபிக்காரன் சதீஷ் வருவான். நான் திரும்பும்வரை கூடவே இருப்பான்.

என் கணவர் அய்யாக்கண்ணுவுக்குப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. அங்கேதான் விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். வலது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சும் போனது.

அவர் என்னை அடித்ததாக யாராவது சொல்லியிருந்தால் அதை எழுத வேண்டாம் மேடம். அடித்ததே இல்லை. வீட்டில் இருந்ததில்லை, அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தாலும் போனில் தேங்காய் விலை பேசிக்கொண்டிருப்பார். பேச்சு முடியும்போது எழுந்துவிடுவார்.

"போட்டோ பாத்து வரையாதீங்க. உசுரோட இருக்கிற முகத்தப் பாருங்க" என்று அஃப்ரீன் சொன்னாள். வீட்டில் எனக்கு இருந்த முகம் அவருடையதுதான். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எதிர்ச்சுவரோரம் பலகையோடு உட்கார்ந்தேன். இந்தப் பாணியில் பெரிய மனிதர்களைப் பக்கவாட்டில்தான் வரைவார்கள். ஒரு கண்தான் தெரியும். அவர் புருவத்தில் சின்ன வெட்டுத் தழும்பு இருந்தது. மகளைக் கட்டிக்கொடுக்கிற வயசுவரை கூட வாழ்ந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. அதற்கு முன்னால் காலைகள் எனக்கு அவ்வளவு நன்றாகப் போனதே இல்லை. கன்னத்துக்குப் புள்ளி புள்ளியாக நிழல் வைக்கும்போது, அவரைத் தொடுவது போலவே இருக்கும்.

பிறகு அவர் தேற ஆரம்பித்தார்.

முதலில் விரல் அசைந்தது. அப்புறம் "தோப்பு" என்றார். நான் பாதி மூக்கில் இருக்கும்போது தலையைத் திருப்பிச் சாலையைப் பார்ப்பார். சதீஷுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பொங்கலுக்குள்ள அய்யா தோப்புக்கு நடந்தே போயிடுவாருக்கா, பாருங்க" என்றான்.

நானும் சந்தோஷம் என்றுதான் சொன்னேன்.

இரவில் தூங்க டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அதைக் காலையிலும் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தேன். அவர் அமைதியாக இருந்தார். கோடு சுத்தமாக விழுந்தது. அந்தச் சனிக்கிழமை வகுப்பில் எல்லோரும் என் படத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். மறுவாரம் கொஞ்சம் கூட்டினேன். வேறு மருந்துக் கடையிலும் வாங்கினேன்.

"என்னக்கா, திரும்ப இப்படித் துவண்டுட்டாரு? டாக்டர்கிட்ட காட்டுவமா?" என்று சதீஷ் கேட்டான். காட்டியாகிவிட்டது என்றேன். அதற்கப்புறம் அவனை வர வேண்டாம் என்றும் சொன்னேன். கனிமொழிக்குப் படத்தைப் போனில் அனுப்பினேன். "அப்பாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கம்மா" என்று அழுதாள்.

அஃப்ரீன்தான் குறை கண்டாள். "எல்லாம் இருக்குக்கா. கண்ணுதான் தூங்குது. படத்துல கண்ண மட்டும் தண்ணி தொட்டு அழிச்சிட்டு, அவரு முழிச்சிருக்கும்போது பாத்துப் போடுங்க."

சொன்னது சரி. அன்று மாத்திரை கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் கண் முழுசாகத் திறந்திருந்தது. நான் பலகையோடு உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார். இரண்டு கண்ணாலும் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. பிறகு கண் அலமாரியில் இருந்த கஞ்சிக் கிண்ணத்துக்குப் போனது.

"வேணாம் கமலம்" என்றார்.

என் பேரைச் சொல்லுகிற அளவுக்குத் தேறியிருந்தார்.

எழுந்து போய்த் தாடையைப் பிடித்து முகத்தை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பிவைத்தேன். "அசையாதீங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றேன். கண் நன்றாக வந்தது. நீங்களே பார்த்திருப்பீர்கள். அஃப்ரீன் கேட்ட உயிர் அதில் இருக்கிறது. ஆனால் உதடு நடுங்கிக்கொண்டே இருந்தது. ஏதோ சொல்ல வந்தார். உதடு நடுங்கினால் கோடு நிற்காது.

மிச்சம் இருந்த மாத்திரை அத்தனையையும் கரைத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை; மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. மெதுவாக, புரையேறாமல்தான் கொடுத்தேன். அதன்பின் நன்றாக உட்கார்ந்திருந்தார். மூச்சு நின்றது எப்போது என்று தெரியாது; நான் மீசையில் இருந்தேன். வேலை முடிந்து, தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கனிமொழிக்குப் போன் செய்தேன்.

கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தடவை அவர் தலை சரிந்து, மேலுதட்டுக் கோடு கெட்டுப்போனது. அதை அழித்துத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அதற்காக நான் அவர்மேல் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை.