சீட்டில் எழுதியது எலி

மருந்துக்காரர்: கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி அலமாரியை இழுக்கப் போறேன்.

அக்கா: ஈ ஜன்னல்ல இருக்கு. நீங்க அலமாரியை இழுக்கறீங்க.

மருந்துக்காரர்: ஜன்னல்ல இருக்கறது வெளிய போகப் பாக்கற ஈ. வெளிச்சத்தைப் பாத்து வந்து கண்ணாடியில முட்டி முட்டியே செத்துடும். அதைக் கூட்டித் தள்ள நான் எதுக்கு, துடைப்பம் போதுமே. எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும்ல?

அக்கா: என் தம்பி ரெண்டு தடவை கழுவிட்டான் இந்த ரூமை. ஃபினாயிலை அப்படி ஊத்தியிருக்கான், எனக்குத் தலைவலியே வந்துடுச்சு. அப்பவும் காலைல எழுந்து பாத்தா முப்பது, நாப்பது ஈ.

மருந்துக்காரர்: குண்டு ஈயா? பச்சையா மினுமினுன்னு?

அக்கா: ஆமா. எப்படிச் சரியா சொல்றீங்க?

மருந்துக்காரர்: ம்…

அக்கா: என்ன ம்?

மருந்துக்காரர்: ஒண்ணுமில்ல. அந்த டார்ச்சை எடுங்க… ஆங், குடுங்க. எலி கிலி உண்டா இந்த வீட்ல?

அக்கா: நான் இங்க இல்லீங்க, வெளிநாட்டுல இருக்கேன். முந்தாநாள்தான் வந்தேன். நாளைக்குக் கிளம்பணும்.

மருந்துக்காரர்: இல்ல. எலி வாடையே இல்ல. ஒரு புழுக்கை கூடக் கிடையாது. சுத்தமான ரூம்.

அக்கா: எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறீங்க?

மருந்துக்காரர்: இருபத்திரண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் மூணே கேள்விதான். குழந்தைங்க இருக்கு, இந்த மருந்து ஒண்ணும் பண்ணாதே? திரும்ப வருமா? மூணாவது… இதையெல்லாம் கடவுள் எதுக்குத்தான் படைச்சாரு?

அக்கா: கொசு ஏன் என்னை மட்டும் கடிக்குதுன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?

மருந்துக்காரர்: அது கல்யாணமானவங்க கேக்கறது. அவரு குறட்டை விட்டுத் தூங்கறாரு, எனக்கு மட்டும் ஏன்னு. உங்க ரத்தம் இனிப்பும்மான்னு சொல்லிட்டு வந்துடுவேன். நிஜத்துல மூச்சுக்காத்தும் வேர்வையும்தான். ஆனா அதைச் சொன்னா யாருக்குச் சந்தோஷம்?

அக்கா: பொய் சொல்றீங்கன்னு சொல்லுங்க.

மருந்துக்காரர்: சின்னதா. யாருக்கும் சேதாரம் இல்லாம.

அக்கா: சரி, அந்த மூணாவதுக்கு என்ன சொல்வீங்க?

மருந்துக்காரர்: கரப்பானா இருந்தா, என் பிள்ளைங்க சாப்பிடணும்ல, அதுக்குத்தான் படைச்சாருன்னு சொல்வேன். ஈக்கு மட்டும் நிஜமாவே பதில் இருக்கு. செத்ததை ஒழுங்கு பண்றதே அதுதான். அது இல்லேன்னா நாம தெருவுல நடக்க முடியாதும்மா. ஒரு நாய் செத்துக் கிடக்குன்னு வைங்க, மனுஷன் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டிப் போயிடுவான். ஈதான் நின்னு வேலை பாக்கும்.

அக்கா: எவ்வளவு நேரத்துல வரும்?

மருந்துக்காரர்: கால் மணி, அரை மணி. ஜன்னல் துளி திறந்திருந்தாப் போதும். சொந்தக்காரங்களுக்கு முன்னாடி அது வந்து…

அக்கா: என்ன நிறுத்திட்டீங்க?

மருந்துக்காரர்: இந்த ஷூ யாரோடதும்மா?

அக்கா: எங்கப்பாவோடது. இது அவர் ரூம். ஞாயித்துக்கிழமை காலைல போயிட்டார்.

மருந்துக்காரர்: அடடா. தெரியாம வாயை விட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்கம்மா.

அக்கா: பரவாயில்ல. தூக்கத்துலயே போயிருக்கார், கஷ்டப்படல. தம்பி இதே ஊர்தான், ஞாயிறு தவறாம வருவான். அவன்தான் வந்து பாத்திருக்கான். நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு. முகத்தைக்கூடப் பாக்கல.

மருந்துக்காரர்: ஞாயிறுன்னா… இந்த ஞாயிறா?

அக்கா: ஆமா, இன்னிக்கு வியாழன். நாலு நாளாச்சு.

மருந்துக்காரர்: ஓ.

அக்கா: சனிக்கிழமை சாயங்காலம்கூடப் பேசினேன் அவர்கிட்ட. சாப்பிட்டியாம்மான்னு கேட்டார். கணீர்னு இருந்துச்சு குரல்.

மருந்துக்காரர்: சனிக்கிழமை.

அக்கா: ஏன் திருப்பிச் சொல்றீங்க?

மருந்துக்காரர்: பழக்கம்மா… அந்தப் பேப்பரைக் கீழ விரிங்க. ஷூவைத் தட்டணும். எனக்கு ஷூவுலேர்ந்துதான் வேலையே ஆரம்பம்.

அக்கா: ஐயையோ! என்ன இது, இவ்வளவு கொட்டுது? கருகின அரிசி மாதிரி… எலிப் புழுக்கையா?

மருந்துக்காரர்: ஆமா.

அக்கா: எலியே இல்லைன்னு இப்பதானே சொன்னீங்க.

மருந்துக்காரர்: தொடாதீங்கம்மா. நான் மடிச்சு எடுத்துட்டுப் போறேன்.

அக்கா: இருங்க. இது உள்ள காலியா இருக்கு. ஒரு பக்கம் மூடி திறந்த மாதிரி… புழுக்கை இப்படி இருக்காது. என்னங்க இது? சொல்லுங்க.

மருந்துக்காரர்: ஓடு. ஈ உடைச்சுக்கிட்டு வெளிய போன ஓடு.

அக்கா: ஷூவுக்குள்ள எதுக்கு வந்துச்சு?

மருந்துக்காரர்: தின்னு முடிச்சதும் புழு அங்க இருக்காதும்மா. இருட்டா, காய்ஞ்ச இடமாப் பாத்து ஊர்ந்து போயிடும். ஷூ, அலமாரிக்கு அடி, திரைச்சீலை மடிப்பு. அங்க போய் ஓடு கட்டிக்கிட்டுத் தூங்கும். தரையைக் கழுவினா அது போகாது. அதான் உங்க தம்பி எவ்வளவு கழுவியும்…

அக்கா: எத்தனை நாள் தூங்கும்?

மருந்துக்காரர்: அது வெயிலைப் பொறுத்து…

அக்கா: எத்தனை நாள்?

மருந்துக்காரர்: ஒரு வாரம்.

அக்கா: அதுக்கு முன்னாடி?

மருந்துக்காரர்: முட்டை ஒரு நாள்ல பொரியும். புழு ஒரு அஞ்சாறு நாள் தின்னும்… எதுக்கும்மா இதெல்லாம்? நான் என்ன காலேஜ் வாத்தியாரா?

அக்கா: மொத்தம் ரெண்டு வாரம்.

மருந்துக்காரர்: ஒண்ணு ரெண்டு நாள் முன்னபின்ன இருக்கும்.

அக்கா: நாலு நாள்ல ஈ வராதா?

மருந்துக்காரர்: அந்தப் பேப்பரை இப்படித் தள்ளுங்கம்மா.

அக்கா: உங்களைத்தான் கேக்கறேன். நாலு நாள்ல?

மருந்துக்காரர்: நாலு நாள்ல புழுதான்மா இருக்கும். அதுவும் முழுசா வளர்ந்திருக்காது.

அக்கா: அப்போ இது?

மருந்துக்காரர்: எலிதான். செவுத்துக்குள்ள எங்கயோ செத்திருக்கும். நகருங்க, மூலைக்கெல்லாம் மருந்து அடிச்சுடறேன்.

தம்பி: யாருக்கா இவரு? கதவு பப்பரப்பான்னு திறந்து கிடக்கு.

அக்கா: வாடா. பூச்சி மருந்து அடிக்கறவர். மாடிப்படி செவுத்துல நம்பர் ஒட்டியிருந்துச்சு, கூப்பிட்டேன்.

தம்பி: உனக்கு எதுக்குக்கா இந்த வேலையெல்லாம்? நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல? நாளைக்கு ஃப்ளைட், பேசாம பெட்டியைக் கட்டாம…

அக்கா: சும்மா இருந்தா ஈ மொய்க்குது.

தம்பி: என்ன சார்… என்னவாம்?

மருந்துக்காரர்: எலி சார்.

தம்பி: ஆங், எலி! அதேதான். நானும் எலின்னுதான் நெனச்சேன்.

அக்கா: பக்கத்துக் கட்டிடத்துக் குப்பைத்தொட்டின்னு சொன்னியே நேத்து?

தம்பி: அதுவும்தான்… ரெண்டுமா இருக்கும்.

மருந்துக்காரர்: மூலையில எல்லாம் அடிச்சுட்டேன் சார். இந்தத் திரைச்சீலையை எடுத்து எரிச்சுடுங்க. ரெண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைங்க, மிச்சமும் போயிடும். இந்தாங்கம்மா, சீட்டு.

அக்கா: இதுல என்ன எழுதியிருக்கீங்க? “காரணம்: எலி.” எலி எங்க? எடுத்துக் காட்டுங்க.

மருந்துக்காரர்: அம்மா…

அக்கா: ஒரு எலிக்கு எத்தனை ஈ வரும்? அதையாவது சொல்லிட்டுப் போங்க.

மருந்துக்காரர்: அது நூறு இருநூறு வரும்மா.

அக்கா: இந்தப் பேப்பர்ல இருக்கறது? ஒரு ஷூவுல மட்டும்?

மருந்துக்காரர்: நான் எண்ணலம்மா. எண்ண மாட்டோம். இந்த மாதிரி வீட்ல எங்க ஆளுங்க எல்லாருமே எலின்னுதான் எழுதுவோம். சீட்டு நாளைக்கு யார் கையிலயாவது கிடைக்கும், பிள்ளைங்க படிக்கும்… கேக்காதீங்க. நான் கிளம்பறேன்.

தம்பி: சரி சார், போங்க. படி பாத்து.

அக்கா: இந்த மாதிரி வீடுன்னா என்னடா?

தம்பி: அவன் ஏதோ உளர்றான். விடு. நான் கீழ போய் உனக்கு…

அக்கா: உக்காரு.

தம்பி: அக்கா, வேலை கிடக்கு.

அக்கா: உக்காருடா. அப்பா கட்டில் எங்க?

தம்பி: சொன்னேன்ல. பழசு, கால் ஆடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்.

அக்கா: அப்பா போய் நாலாவது நாள் கட்டிலை ஏன் தூக்கிப் போடணும்? மெத்தை எங்க? இங்க விரிச்சிருந்த பாய் எங்க?

தம்பி: அதெல்லாமும் பழசுதான்கா.

அக்கா: முகத்தைக்கூடப் பாக்க விடலையே நீ. ஒரு நாள் வெச்சிருடான்னு எவ்வளவு கெஞ்சினேன். முடியாதுக்கான்னே. எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா அப்போ?

தம்பி: முடியாதுதான்கா.

அக்கா: அப்பா தூக்கத்துல போகல.

தம்பி: இல்ல. கீழ கிடந்தார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுல.

அக்கா: எத்தனை நாளா?

தம்பி: இரு, ஜன்னலைத் திறக்கறேன். மருந்து நெடி.

அக்கா: ரெண்டு வாரம்னு சொன்னார் அவர். நாலு நாளைக் கழிச்சா பத்து நாள். பத்து நாள் இந்தத் தரையில… நீ அதுக்கு முந்தின ஞாயிறு வரவே இல்ல, அப்படித்தானே?

தம்பி: ஒரே ஒரு ஞாயிறுதான்கா விட்டேன். ஏழு வருஷத்துல ஒண்ணே ஒண்ணு.

அக்கா: ஏன்?

தம்பி: அதுக்கு முந்தின வாரம் சண்டை. என்னோட வந்துடுங்கப்பான்னேன். உன் வீட்ல ஒரு மூலையில எனக்கு என்ன வேலைன்னார். நானும் ஏதோ சொல்லிட்டேன். என்ன சொன்னேன்னு கேக்காதே… மனசு கேக்கல, புதன்கிழமை போன் பண்ணேன். மணி அடிச்சுது, எடுக்கல. வீம்பு புடிக்கிறார்னு நெனச்சேன். சரி, அவரே கூப்பிடட்டும்னு இருந்துட்டேன். ஞாயிறும் போகல. அதுக்கப்புறம் போட்டா ஸ்விட்ச் ஆஃப். அப்பவாவது ஓடி வந்திருக்கணும். எந்நேரமும் அந்தப் புதன்கிழமைதான்கா காதுல அடிச்சுக்கிட்டே இருக்கு. அப்போ உயிரோட கிடந்தாரான்னு யார்கிட்ட கேக்கறது?

அக்கா: ஈக்குத் தெரிஞ்சிருக்கு… பெத்த பிள்ளைக்குத் தெரியல.

தம்பி: சொல்லு. இன்னும் சொல்லு.

அக்கா: எல்லார்கிட்டயும் தூக்கத்துல போனார், நிம்மதியாப் போனார்னு சொல்லிட்டுத் திரியறேன். ஒரு பூச்சி மருந்துக்காரர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? வெளியாளுக்குச் சொல்ல வேணாம், சரி. எனக்கு எதுக்குடா பொய் சொன்னே?

தம்பி: சொல்லத்தான் கூப்பிட்டேன்.

அக்கா: எங்க சொன்னே? ஞாயித்துக்கிழமை காலைலன்னுதானே சொன்னே.

தம்பி: நல்லா யோசிச்சுப் பாரு. நான் சொல்லல.

அக்கா: வேற யாரு சொன்னா?

தம்பி: வாசல்ல நின்னுதான் உனக்குப் போன் பண்ணேன். உள்ள நிக்க முடியல. “அக்கா, அப்பா போயிட்டார்”னேன். எத்தனை நாளாச்சுன்னே தெரியலக்கான்னு சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா: எடுத்து?

தம்பி: அதுக்குள்ள நீ கத்தி அழ ஆரம்பிச்சுட்டே. பக்கத்துல மாமா குரல் கேட்டுச்சு, பிள்ளைங்க என்னாச்சும்மா, என்னாச்சும்மான்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. அவங்க எல்லாரும் கேக்கற மாதிரி நீ என்ன சொன்னே?

அக்கா: என்ன சொன்னேன்? அழுதேன்.

தம்பி: “நேத்து சாயங்காலம்கூட அப்பாகிட்டப் பேசினேனேடா, நல்லாத்தானே இருந்தார்”னு சொன்னே… அதுக்கப்புறம் நான் எந்தக் கிழமையைக்கா சொல்றது?