நான் எழுதிக் கொடுத்த நற்சாட்சி

"ஹெலி வாறான்! படுங்கோ! எல்லாரும் விழுந்து படுங்கோ!"

கத்தியது நான்தான். காலை பதினொன்று பத்து. மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. டப டப டப. சத்தம் தலைக்கு மேலே வருகிறது. குப்புற விழுகிறேன். வாய்க்குள் உப்புக் கரித்த பனிச்சேறு. எனக்குப் பின்னால் சனம் விழுகிறது. வரிசை வரிசையாக. பதாகைகள் விழுகின்றன. தாய்மார் பிள்ளைகளுக்கு மேல் விழுகிறார்கள். எல்லாருடைய கையும் காதில். வாய் திறந்தபடி. செல்லடிக்குள், எறிகணை வீச்சுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். வாயை மூடினால் காது போய்விடும்.

குண்டு விழவில்லை. சூடு இல்லை.

இது ரொறன்ரோ. நகரத்தின் நடு, டவுன்ரவுன். ஒரு அரசாங்கக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறோம். மேலே வந்தது தொலைக்காட்சிக்காரரின் ஹெலிகொப்டர். எங்களைப் படம் பிடிக்க வந்தது.

பக்கத்தில் கிடந்த சந்திரா அன்ரி முதலில் தலையைத் தூக்கினா. எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருப்பவ.

"எழும்படி பரமேஸ். சுட வரேல்லை, படம் பிடிக்க வந்தவன். என்ர சாறியப் பார், முழுக்கச் சேறு. இந்தக் கோலத்திலதான் ரிவியில வரப்போறன்."

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களே அழுதார்கள். குதிரையில் இருந்த பொலிஸ்காரர் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். எழும்பினோம். கையைக் கோட்டில் துடைத்தோம். திரும்பக் கோஷம் போட்டோம்.

நாங்கள் குடியிருக்கும் வோபர்னிலிருந்து மஞ்சள் பள்ளிக்கூட பஸ்களில் வந்திருந்தோம். கோயிற் சனம், சேர்ச் சனம் எல்லாம் ஒன்றாக. நாடுகடத்தும் சட்டத்துக்கு எதிராக. ஊரில் சண்டை பிடித்த இயக்கத்துக்கு உதவி செய்தவர் என்று கண்டால், அகதி என்று ஏற்றுக்கொண்ட ஆளையும் திருப்பி அனுப்பலாம். அதுதான் சட்டம். உதவி என்றால் எது உதவி? கேட்டு வந்தவனுக்குச் சோறு கொடுக்காத வீடு எங்கள் பக்கத்தில் எது?

எனக்குச் சட்டம் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்தது என் தம்பி ரவி. நான்கு மாதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். அதே கட்டடத்தில், மூன்றாம் மாடியில், அன்றைக்கு அவனுக்கு விசாரணை. வெளியே எல்லாரும் கோஷம் போட்டார்கள். நானும் வாயை அசைத்தேன். உள்ளுக்குள் சொன்னது வேறு. பிள்ளையாரே, அவனைத் தந்துவிடு. பிள்ளையாரே, அவனைத் தந்துவிடு.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். ஜெயம் அண்ணை கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வருகிறார். ரவிக்காக வாதாடும் லோயரிடம் வேலை செய்கிறவர். குளிருக்குள் கோட்டும் போடவில்லை.

"பரமேஸ்! நீர் விசாரிக்கிற ஆக்களுக்கு ஏதும் கடிதம் போட்டனீரோ?"

"ஓம் அண்ணை."

"ஆரைக் கேட்டுப் போட்டனீர்?"

"பிள்ளையாரைக் கேட்டுத்தான்."

தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

கடிதம் போட்டது உண்மை. தமிழில் எழுதினேன். கோயிலில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் எழுதித் தந்தாள். சாமியின் காலடியில் வைத்து எடுத்து, நானே தபாலில் போட்டேன். தம்பி நல்லவன் என்று எழுதினேன். தெய்வ குணம் உள்ளவன். சண்டையில் காயப்பட்டுக் கிடந்த இயக்கப் பெடியளை எங்கள் உழவு மெசினில், ட்ரக்டரில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனவன். அவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டக் கூப்பிட்டால் முதல் ஆளாக நிற்கிறவன். எங்கள் சனத்துக்கு இதைவிட நற்சாட்சி வேறு இல்லை. பெண் கொடுக்கிறவர்கள்கூட இதைக் கேட்டால் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

"அந்தக் கடிதத்தைத்தான் இப்ப உள்ளுக்க வாசிக்கினம்," என்றார் ஜெயம் அண்ணை. "இயக்கத்துக்கு வாகனம் ஓடினவன், சாப்பாடு குடுத்தவன். சொந்த அக்காவே எழுதியிருக்கிறா எண்டு."

அவருடைய சட்டைக் கையைப் பிடித்தேன்.

"அண்ணை, நான் வாறன். எல்லாம் பொய் எண்டு சொல்லுறன்."

"நீர் சொல்லுவீரோ?"

"சொல்லுவன்."

அதுவரை நான் சாமியை வைத்துப் பொய் சொன்னது கிடையாது. லிஃப்டில் ஏறினேன். மூன்றாம் மாடி. கண்ணாடி யன்னல். கீழே கோஷம் மெல்லிதாகக் கேட்கிறது. ரவி மேசைக்கு அந்தப் பக்கம். மெலிந்து போயிருந்தான். சத்தியம் செய்யப் பைபிளா என்று கேட்டார்கள். கைப்பையில் இருந்த பிள்ளையார் படத்தை எடுத்து வைத்தேன். அதன்மேல் கை வைத்தேன்.

சொன்னேன். கடிதம் பொய். ஆசையில் கூட்டி எழுதியது. உழவு மெசினே எங்களிடம் இருந்ததில்லை. அவன் யாரையும் ஏற்றவில்லை.

மொழிபெயர்க்கிற பெண் சொல்லி முடிக்கவில்லை. ரவி எழும்பிவிட்டான்.

"சொல்லாதை அக்கா! சாமியில கையை வைச்சுக்கொண்டு எனக்காகச் சொல்லாதை. நான் ஏத்தினனான். ரத்தம் ஓடிக்கொண்டு றோட்டில கிடந்தாங்கள். விட்டிட்டு வரேலுமே?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். மேசையில் இருந்தவர் குனிந்து எழுதினார். பேனை கடதாசியில் உரசுகிற சத்தம்.

கீழே வந்தபோது இன்னும் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சந்திரா அன்ரி என் முகத்தைப் பார்த்தா. தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டா.

மே மாதம் ரவியைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பிலிருந்து இரண்டு தரம் போன் எடுத்தான். முதல் தரம், "வந்திட்டன் அக்கா, சுகமா இருக்கிறன்." இரண்டாம் தரம், "விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கினம், போய் வந்து எடுக்கிறன்." மூன்றாம் தரம் இல்லை. எழுதிக் கேட்காத இடம் இல்லை. வைக்காத நேர்த்திக்கடன் இல்லை. பிள்ளையாரோடு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் படத்தின் முன்னால் கை கூப்ப இன்னும் கூசுகிறது.

மறக்கக் கூடாது என்று எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டில் போனவை.

அப்பா. எண்பத்தேழாம் ஆண்டு. செல். இரண்டு சத்தம் கேட்டது.

அம்மா. தொண்ணூறு. பொம்பர் விமானம். ஒரு சத்தம். பிறகு ஓடுகள் சரிகிற சத்தம்.

வீடு. அதே நாள்.

தம்பி ரவி. இருபத்தொன்பது வயது. ரொறன்ரோவில் இருந்து அனுப்பப்பட்டவன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.