நடுச்சாம்பல்

சாம்பல் நிறம் என்றாலே பலரும் முகம் சுளிப்பார்கள், ஐயா. ஆனால் வீட்டுக்கு அதைப்போல அடக்கமான நிறம் வேறில்லை. தூசு தெரியாது, கைத்தடம் தெரியாது. பெயின்ட் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிறம் கலக்கிக் கொடுக்கிறேன். வெள்ளையில் கறுப்பை மட்டும் விட்டால் நீலம் தட்டும். ஒரு துளி மஞ்சள், அரைத் துளி காவி சேர்த்தால்தான் எந்தப் பக்கமும் சாயாத நடுச்சாம்பல் கிடைக்கும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை அதிகம் என்று கடையில் எல்லோரும் சொல்வார்கள்.

என் மனைவிக்கு ஐந்து வருடமாகப் பார்வை மங்கல். முழு இருட்டு இல்லை. நிறத்துக்கு நிறம் வித்தியாசம் இருந்தால் அவளுக்குத் தெரியும், எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் சுவரும் கதவும் ஒன்றுதான் என்று கண் மருத்துவர் எனக்கு விளக்கினார். வெள்ளைச் சுவர், பழுப்புக் கதவு, கறுப்புக் கைப்பிடி. இவற்றை வைத்தே அவள் கெட்டிக்காரத்தனமாகக் குடித்தனம் நடத்தினாள். ஒரு நாளைக்கு இருபது தடவை மாடி ஏறி இறங்குவாள். நான் கை கொடுத்தால் தட்டிவிடுவாள்.

"நான் என்ன கிழவியா? போங்க, கடைக்கு நேரமாச்சு."

போன வருடம் அவளுக்கு ஒரு வேலை வந்தது. பார்வை குறைந்தவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் விடுதி, ரயிலில் ஒரு நாள் தூரம். தையல் சொல்லிக்கொடுக்க வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போறேங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு களையை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. போனவள் திரும்பமாட்டாள் என்று பயந்தேன்.

அந்த வாரம்தான் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தேன்.

"பெயின்ட் கடைக்காரர் வீட்டுக்கு இப்பத்தான் விடிஞ்சிருக்கு" என்று சிரித்தாள். முதலில் சுவர்கள். பிறகு கதவு, நிலை, சுவிட்சுப் பலகை. கடைசியில் மாடித்தரை, படிகள், கைப்பிடி. எல்லாம் ஒரே கலவை. கைவேலை சுத்தமாக இருந்தது. அவள் நிலையில் இடித்துக்கொண்டு நெற்றி புடைத்தபோது நான்தான் மருந்து தடவினேன்.

"என்னங்க, கண்ணு ரொம்ப மோசமாயிடுச்சு போல."

பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். முடிவை வாங்க நான் மட்டும் போனேன். ஒரு மாற்றமும் இல்லை என்று எழுதியிருந்தது. பார்வை இன்னும் இறங்கியிருக்கிறது என்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். வேலை வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதியதும் நான்தான். நடுவில் கொஞ்சம் அழுதாள். அதற்குப் பிறகு நான்கு மாதம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எங்கும் போவாள்.

அப்புறம் அவள் தங்கை வந்தாள்.

"மாமா, படி எது தரை எதுன்னு எனக்கே தெரியல. அக்கா என்ன பண்ணுவா?"

அன்றே மஞ்சள் ஒட்டுப்பட்டை வாங்கி வந்தாள். மாடித்தரையின் விளிம்பில் ஒன்று, கீழே ஒவ்வொரு படி விளிம்பிலும் ஒன்று. "முதல் மஞ்சள் வர்ற வரைக்கும் தைரியமா நட, அக்கா. அங்கதான் இறங்கணும்" என்று பழக்கிவிட்டுப் போனாள்.

ஒரே வாரம். என் மனைவி தனியாகத் தெருவாசல் வரை போய்வந்தாள்.

"என் கண்ணு அப்படியேதாங்க இருக்கு. இந்த நிறந்தான் குழப்பியிருக்கு. பாவம், நீங்க தெரியாம ஆசையா அடிச்சீங்க. நாளைக்கு அந்த விடுதிக்கு போன் போட்டுக் கேக்கப் போறேன்."

அவள் என்னைத் துளியும் சந்தேகப்படவில்லை. என்னைத்தான் தேற்றினாள்.

மறுநாள் காலை, அவள் குளிக்கப் போயிருந்தபோது, மாடி விளிம்பில் இருந்த பட்டையை உரித்தேன். அந்த ஒன்றை மட்டும். எல்லாவற்றையும் உரித்திருந்தால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். பசையைப் பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு வழக்கம்போலக் கடைக்குப் போனேன். அடுத்த படியின் மஞ்சளை முதல் மஞ்சள் என்று நினைத்து, அதுவரை தரை இருக்கிறதென்று நம்பி, நேராக நடந்திருக்கிறாள். பதினான்கு படிகள். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு போன் செய்தபோது மூச்சு இல்லை என்றார்.

லேசாக ஒரு தடுக்கல், மனத்தில் கொஞ்சம் பயம், அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. வருத்தமில்லையா என்று கேட்டீர்கள். இல்லாமல் இருக்குமா? நான் வரும்வரை இறங்காதே என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு நாளாவது என் பேச்சைக் கேட்டிருக்கலாம்.