டீ பெல் அடித்தால் எழுவார்

அனுப்பர்பாளையத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள், பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், சாப்பாட்டுப் பையோடு என் முன் சீட்டுக்கு வந்தார்கள். உட்காரும் முன்பே இளையவள் ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, இன்னிக்கு வெடியால எங்கூட்டுல கம்பெனி பெல் அடிச்சுதுங்க!”

“ஊட்டுல ஏது கண்ணு பெல்லு?”

“செல்போன்ல அந்தச் சத்தத்தைப் புடிச்சு வெச்சிருந்தனுங்க. எங்கூட்டுக்காரருக்குச் சக்கரை ஏறிப்போச்சு, தெனமும் காலையில நடக்கோணும்னு டாக்டரு சொல்லி எத்தன நாளாச்சு! மொத நாள் நடப்பாரு. மறுநாள் அலாரத்தை அமுத்திப்போட்டுப் படுத்துக்குவாரு. ஆனா கம்பெனியில டீ பெல் அடிச்சா?”

“மொத ஆளாக் கடைக்கு ஓடுவாரு!”

“அதேதானுங்க! அந்த டீ பெல்லைத்தான் காதுகிட்ட வெச்சு முழுச் சத்தத்துல அடிச்சேன். செருப்புக்கூடப் போடாம எந்திரிச்சு ஓடறாருங்க! பக்கத்து ஊட்டுல ரெண்டு பேரும் நம்ம கம்பெனிதானுங்களே, அவுங்களும் பின்னாடியே ஓடறாங்க!”

மூத்தவள் தொடையில் தட்டிச் சிரித்தாள். “அட சாமி! எதுவரைக்கும் போனாங்க?”

“வேறெங்கீங்க, முக்குல இருக்கற டீக்கடைக்குத்தான். நான் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டாவது டீ குடிக்கறாரு, அதுவும் சக்கரை தூக்கலா!”

“அப்பறம் நடந்து என்ன பிரயோசனம்? நாளைக்கு அடிக்காதே.”

“அடிக்காம உடுவனுங்களா? மனுசன் எந்திரிச்சுட்டாருல்லங்க!” என்றவள், ஜன்னல் வழியே ரோட்டோரத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். “கடையைத்தான் இன்னும் கொஞ்சம் தூரமாப் பாக்கோணும்.”