தடங்கல் சார்

— செய்தியில 'விஷம்' வேணாம்னீங்க, எடுத்தாச்சு. 'கழிவு' வேணாம்னீங்க, அதையும் எடுத்தாச்சு. இப்போ 'தண்ணி'யும் வேணாமா சார்?

— கொஞ்சம் பொறும்மா. 'குடிநீர்'னு போட்டா கௌரவமா இருக்குமேன்னு பார்க்கறேன்.

— கௌரவமா! ரசாயன ஆலைக் கழிவு ஏரியில கலந்து பிள்ளைங்க ஆஸ்பத்திரியில சுருண்டு கிடக்குதுங்க. குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்கன்னு நாட்டுக்குச் சொல்லணும். அந்த ஆலை நம்ம துறை அமைச்சரோட மச்சானுது, அதானே உங்க பிரச்சனை?

— என் பிரச்சனை காற்புள்ளிம்மா. 'ஏரியில்'க்கு அப்புறம் ஒண்ணு வேணாம்?

— தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு! நானும் நீங்களும் ஒரே நாள்ல இங்கே அறிவிப்பாளரா சேர்ந்தோம். நான் செய்தி ஆசிரியரா நிக்கறேன், நீங்க மொத்த ஒளிபரப்புக்கும் தலைவர். எப்படி? தொழிலாளர் போராட்டத்தைக் காட்டினப்போ 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைப் போட்டீங்க, நிலைய இயக்குநர் ஆனீங்க. எதிர்க்கட்சித் தலைவர் வாயைத் திறந்ததும் மறுபடியும் அதே அட்டை, இந்த நாற்காலி! ஆபீஸ்ல உங்க பேர் என்ன தெரியுமா?

— தடங்கல் சார். கேண்டீன்ல டீ கூட அந்தப் பேர்லதான் வருது.

— வெட்கமா இல்லையா?

— சர்க்கரை சரியா இருக்கு.

— ஐயோ கடவுளே! பதவி நீட்டிப்பு உத்தரவுல அமைச்சர் இன்னிக்குக் கையெழுத்து போடணும், அதுக்குத்தானே இந்த இழுவை? அந்த போனை எடுங்களேன், காது கிழியுது!

— வெளியே என் செயலாளர் எடுத்துப்பா. நீ சொல்லு, 'கலக்கிறது'ன்னா, 'கலந்திருக்கலாம்'னா?

— கலக்குது சார், கலக்குது! அங்க பாருங்க, மதியச் செய்தியே தொடங்கிடுச்சு. போச்சு, எல்லாம் போச்சு. அந்த நாற்காலியைக் கட்டிக்கிட்டு நல்லா இருங்க.

— டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டும்மா.

— எதைக் கேட்க? பூக்கண்காட்சிச் செய்தியையா... இருங்க. இது நான் எழுதினது! 'விஷம்'னே வாசிக்கறாரு. ஆலை பேரோட! யார் கொடுத்தா?

— நீ முதல்ல எழுதினதுல காலையிலேயே கையெழுத்து போட்டு ஸ்டூடியோவுக்கு அனுப்பிட்டேன்.

— அடப்பாவி மனுஷா! வேலை போயிடுமே உங்களுக்கு!

— சாயங்காலத்துக்குள்ள போயிடும்.

— அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் என் உயிரை வாங்கினீங்க?

— 'முடியாது'ன்னு சொல்லியிருந்தா அமைச்சர் அடுத்த நிமிஷமே இங்கே வேற ஆளை உட்கார வெச்சு செய்தியை நிறுத்தியிருப்பாரு. அதான் அவரோட ஒவ்வொரு போனுக்கும் 'உள்ளே வார்த்தை வார்த்தையா மாத்திக்கிட்டிருக்காரு'ன்னு செயலாளரைச் சொல்லச் சொன்னேன். அந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்ல வராதும்மா, நிஜமாவே மாத்த வேண்டியதாப் போச்சு.