பில் போடாத குடைகள்

— முந்நூறு குடை என் கடைக்குள்ள இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. என் கண்ணுக்கு ஒரு குடைக்கம்பிகூடத் தெரியல. எங்கடா அனுப்பின?

— எங்கேயும் அனுப்பலைங்க அக்கா. இங்க குடோன்லதான், என் எதிர்லயே அடுக்கியிருக்கு. லாரி இன்னும் கிளம்பவே இல்லைங்க.

— அதென்ன இன்னைக்கு வாய்க்கு வாய் 'ங்க'? தப்புப் பண்ணினாத்தான் உனக்கு மரியாதையே வரும்.

— அப்படியெல்லாம் இல்லைங்க. வேலை நேரம் பாருங்க.

— பெரிய வேலை! வெளிய மழை கொட்டுது. குடை குடுன்னு ஜனம் என் உயிரை வாங்குது. சரக்கு கேட்டா, 'உன்கிட்டதான் இருக்கே'ன்னு கம்ப்யூட்டர் முறைச்சுக்கிட்டு நிக்குது.

— குடையில மாட்டற அட்டைங்களைக் காணோம்ங்க அக்கா. அதுல இருக்கற ரேடியோ சில்லைத்தானே உங்க வாசல் மெஷின் படிக்கும்? குடை வந்துச்சா இல்லையான்னு அதுக்கென்ன தெரியும்?

— அட்டைக்குக் கால் முளைச்சு இங்க நடந்து வந்துச்சாக்கும். டேய், பெரிய சார் இன்னைக்கு அங்க வர்றார், ஞாபகம் இருக்கா? உன்னை நிரந்தரம் பண்றதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு இன்னைக்குத்தான் முடிவு. நான் சிபாரிசு பண்ணின வேலைடா. அந்த மனுஷன் மெஷினைத்தான் நம்புவார். மனுஷங்க சொன்னா காதுலயே ஏறாது.

— அக்கா, கொஞ்சம் மெதுவா.

— என்ன மெதுவா? அவரே பாதி மெஷின்தான். அதான் தலையில முடியே இல்லாம மேல மூடி அப்படிப் பளபளன்னு இருக்கு.

— ஐயோ அக்கா, அதை விடுங்க. இன்னைக்கு வாசல்ல அலாரம் அடிச்சுதா?

— அந்தக் கூத்தை ஏன் கேக்கற? ரெண்டு தரம் அடிச்சுது. பில் போடாத குடை வெளிய போகுதுன்னு. வாட்ச்மேன் வாசல்ல நின்ன எல்லார் பையையும் கொட்டிப் பார்த்துட்டார். ஒரு டாக்டரம்மாவைக்கூட விடல. ஒண்ணுமில்ல.

— அப்ப நீங்க எங்க இருந்தீங்க?

— வாசல்லதான். முதல் தரம் டீக்குப் போனேன், அடுத்த தரம் மருந்துக் கடைக்கு.

— உங்க பையைப் பார்த்தாரா?

— என் பையையா? நான் மேனேஜர்டா. சல்யூட் அடிச்சு வழி விட்டார்.

— காலையில எனக்குச் சாப்பாடு குடுக்க வந்தீங்களே. நேத்தைய காலி டப்பாவை எடுத்தப்ப, மேசையில வேற எதையாவது எடுத்தீங்களா?

— பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு கிடந்ததை எல்லாம் அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடிவந்தேன். ஏன்?

— பையைக் கொஞ்சம் திறந்து பாருங்க அக்கா.

— இரு. டப்பா இருக்கு. மாத்திரை இருக்கு. அடியில ஏதோ ஒரு காகித உறை...

— அக்கா? லைன்ல இருக்கீங்களா?

— கத்தை கத்தையா அட்டைடா. அடக் கடவுளே, அத்தனை குடையும் என்கூடவே டீ குடிக்க வந்திருக்கு.

— சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது.

— உன்னைப் போய் இந்தத் திட்டுத் திட்டினேனே. ஏன்டா பேசாம வாங்கிக்கிட்ட?

— நீங்க மூச்சு விட்டாத்தானே நான் பேச?

— சரி, கேளு. பெரிய சார் வந்தா நீ வாயைத் திறக்காதே. அட்டையைத் தூக்கிட்டு வந்தது நான், பையன் மேல தப்பில்லைன்னு நானே சொல்லிடறேன். மேனேஜர் பதவி போனா போகுது, உன் வேலை நிக்கணும். மனசு கேக்கலடா. அவர் வந்ததும் ஃபோனை அவர்கிட்ட குடு.

— அவர் வந்து ரொம்ப நேரமாச்சுங்க அக்கா. ஸ்பீக்கர்லதான் பேசிக்கிட்டிருக்கோம்.

— டேய்...

— வணக்கம்மா, பளபள மூடி பேசறேன். மெஷினை மட்டும் நம்பற ஆளா இருந்தா உங்க தம்பியைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்பத்தான் நிரந்தர உத்தரவுல கையெழுத்துப் போட்டேன். நீங்க மழை விடறதுக்குள்ள அட்டையைக் கொண்டு வாங்க, லாரி காத்துக்கிட்டிருக்கு. கிளம்பும்போது பையை மட்டும் வாட்ச்மேன்கிட்ட காட்டிட்டு வாங்க.