பியானோவில் சாய்ந்து நிற்பவர்

கொஞ்சம் பேனாவ கீழ வைங்க டீச்சர். பாட்டுக்குழு லிஸ்ட்ல அப்பா பேர அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம். இல்ல, அவரு அனுப்பல. நான் வந்ததே அவருக்குத் தெரியாது. சனிக்கிழமை மேடைக்குன்னு வீட்ல சட்டை தேச்சிட்டு இருக்காரு.

நான் நேர்ல பாக்கல, முதல்லயே சொல்லிடறேன். முன்வரிசைல நிக்கிற டெய்லரக்கா சொன்னதுதான். நேத்து ஒத்திகைல எல்லாரும் நிறுத்தற எடத்துல இவர் மட்டும் தனியா இழுத்தாராம். மூணு தடவ. எல்லாரும் சிரிச்சாங்களாம், உங்களுக்கு மூஞ்சி செவந்துடுச்சாம். தப்புதான், இல்லேங்கல.

ஆனா பதினாலு மாசமா பாடறாரே, ஒரு நாள் தப்பிருக்கா? பாருங்க, நீங்களே இல்லேங்கறீங்க. அப்ப நேத்து என்ன மாறிச்சு? அக்காகிட்ட துருவித் துருவிக் கேட்டேன். பியானோ முதுகுல சாயாதீங்க, கைய கீழ விடுங்கன்னு நேத்துதான் அவர அதட்டிருக்கீங்க. மேடைல நல்லாருக்காதுன்னு. நியாயம்தான். ஆனா அவர் சாயல டீச்சர். நீங்க எடுக்கறதெல்லாம் அவர் வயசுக்காரங்க பாட்டு, மெட்டு அவருக்குள்ளயே இருக்கு. எங்க ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்னு அந்தப் பியானோ பலகைல உள்ளங்கைய வச்சுத்தான் தெரிஞ்சுக்குவாரு.

சிரிக்காதீங்க டீச்சர். ப்ளீஸ்.

அம்மா போனப்புறம் மனுஷன் ரூம விட்டே வரல. பின்னாலேந்து கூப்ட்டா திரும்பக்கூட மாட்டாரு. துக்கம்னு நாங்களும் விட்டுட்டோம். இங்க சேந்தப்புறம்தான் ஷேவ் பண்ணவே ஆரம்பிச்சாரு. வியாழக்கிழமையானா மதியத்துலேந்தே ஷூ மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. அண்ணன் மறுபடி பொண்ணு பாக்கக் கெளம்பிட்டாருன்னு அத்தை ஓட்டும். இப்ப நீங்க வேணாம்னுட்டா மறுபடி அந்த ரூம்தான். எனக்கு பயமா இருக்கு.

கூட்டிச் சொல்லல டீச்சர். எங்க வீட்ல காலேஜ் போனது நான் ஒருத்திதான், எந்தக் காகிதம் வந்தாலும் என்கிட்டதான் வரும். இது மட்டும் வரல. காலைல அவரோட ஃபேக்டரி ஃபைலுக்குள்ள இருந்துச்சு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட். முப்பத்திரண்டு வருஷம் பிரஸ் மிஷின் பக்கத்துல நின்னவரு. ரெண்டு காதும் போயிருக்கு. எங்க வாயப் பாத்தே பதில் சொல்லிட்டு இருந்திருக்காரு. தேதிய பாத்து எனக்கே நம்பிக்கை வரல, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுட்டுத்தான் வரேன். தேதி சரிதானாம். உங்க குழுவுல சேர்றதுக்குப் பத்து மாசம் முன்னாடி.